வாசகர் கேள்விகள்: நல்ல ஜப்பான் கிரீன் டீ, கைக்கு அடங்கும் விலையில்

சில இதழ்களுக்கு முன்னால் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது, ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தில் வேலை பார்த்த ஆறு வருடங்களில் தினமும் சென்ச்சா என்ற கிரீன் டீ குடித்துப் பழகினேன், இன்றும் அதை விடவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த இதழின் பக்கம் முழுவதும். பெரும்பாலான கடிதங்களில் இருப்பது ஒரே கேள்விதான்: நல்ல டீ எது, அதைக் காசைக் கொட்டாமல் எப்படி வாங்குவது?

என் மேலதிகாரி ஜப்பானியர். ஊருக்குப் போய்விட்டு வந்தபோது ஒரு பாக்கெட் சென்ச்சா கொடுத்தார். வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. தீர்ந்த பிறகு இணையத்தில் தேடினால் ஒரு இடத்தில் 50 கிராம் 1,800 ரூபாய், இன்னொரு இடத்தில் 100 கிராம் 300 ரூபாய். இரண்டுமே 'சென்ச்சா'தான். எதை நம்புவது? நடுவில் ஏதும் கிடையாதா? (வாசகர், பெருங்குடி, சென்னை)

முதலில் அந்த 300 ரூபாய் பாக்கெட். சென்ச்சா என்பது தயாரிக்கும் முறையின் பெயர், ஊரின் பெயர் அல்ல. பறித்த இலையை உடனே ஆவியில் வேகவைத்து, பிறகு சூடான காற்றில் உருட்டி உருட்டி ஊசிபோல ஆக்கி உலர்த்துவது. இட்லி வேகிற மாதிரி ஆவிதான், ஆனால் நேரம் நிமிடக் கணக்கு கூட இல்லை, விநாடிக் கணக்கு. இந்த முறையை 1738-இல் கியோட்டோவை அடுத்த உஜி பக்கத்தில் நகதானி சோயென் என்பவர் உருவாக்கினார் என்று சொல்வார்கள். சீனாவில் பெரும்பாலும் இலையை இரும்பு வாணலியில் வறுப்பார்கள், ஆனால் அங்கேயும் ஆவிமுறையில் செய்து சென்ச்சா என்ற பெயரில் ஏற்றுமதி செய்கிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை, ஆனால் உங்கள் மேலதிகாரி கொடுத்தது அதுவல்ல. முன்பக்கத்தில் ஃபுஜி மலையும் செர்ரிப் பூவும் இருப்பதைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தில் 'விளைந்த நாடு ஜப்பான்' என்று இருக்கிறதா பாருங்கள். ஜப்பான் பெயர் கொண்ட நிறுவனம், ஜப்பான் முறையில் கலந்தது, இதெல்லாம் வேறு.

அந்த 1,800 ரூபாய் பாக்கெட் ஒரிஜினலாகவே இருக்கலாம். ஆனால் இந்தியாவுக்குள் வரும் வெளிநாட்டுத் தேயிலைக்கு அடிப்படைச் சுங்க வரியே 100 சதவீதம், அதன் மேல் விமானக் கூலி, இறக்குமதியாளர் லாபம், கடைக்காரர் லாபம். நீங்கள் கொடுக்கும் பணத்தில் இலைக்குப் போவது கொஞ்சம்தான். ஒரு தடவைக்கு 5 கிராம் என்று வைத்தால் 50 கிராமில் பத்து தடவை போடலாம், தடவைக்கு 180 ரூபாய். அதே இலையில் இரண்டு மூன்று முறை வடிக்கலாம் என்பதால் ஒரு வடிப்புக்கு 60 முதல் 90 ரூபாய் வரும். எப்போதாவது என்றால் சரி. வீட்டில் நாலு பேர் தினமும் குடிப்பதென்றால் கட்டாது.

நடுவில் இருப்பதைத்தான் நீங்கள் கேட்டீர்கள், எனக்குச் சொல்ல ஆசையாக இருப்பதும் அதுதான். ஜப்பானில் தோட்டத்துப் பக்கம் தயாராகும் கச்சாத் தேயிலையை அராச்சா என்பார்கள். அதை வியாபாரிகள் வாங்கிச் சலித்து, பிரித்து, இன்னொரு முறை சூடு காட்டித்தான் சென்ச்சாவாக விற்கிறார்கள். அப்படிச் சலிக்கும்போது பிரிந்து வருகிற தண்டு, தூள், நுனித் துணுக்கு இவற்றுக்கெல்லாம் சேர்த்து தெமோனோ என்று பெயர். தண்டு குகிச்சா ஆகிறது, தூள் கொனாச்சா ஆகிறது, சுருண்ட நுனித் துணுக்குகள் மெச்சா ஆகின்றன. நன்றாகக் கவனியுங்கள், இவை வேறு செடியிலிருந்து வந்தவை அல்ல, மட்டமான அறுவடையிலிருந்து வந்தவையும் அல்ல. 100 கிராம் 1,500 யென்னுக்கு விற்கிற அருமையான முதல் பறிப்பு சென்ச்சாவின் தண்டுகள் அதே கடையில் அதில் பாதி விலைக்கோ, அதற்கும் குறைவாகவோ கிடைக்கும். ஜப்பானியத் தேநீரின் இனிப்புக்குக் காரணமான தியானின் தண்டிலும் நன்றாகவே இருக்கிறது, கசப்புத் தரும் கேட்டச்சின் குறைவு. அதனால் குகிச்சா லேசாக, இனிப்பாக, பச்சைப் பட்டாணித் தோல் மாதிரி ஒரு வாசனையோடு இருக்கும். கொஞ்சம் சூடு கூடிப் போனாலும், ஒரு நிமிடம் மறந்து போனாலும் கோபித்துக்கொள்ளாது. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பெயர் எப்போதும் இதுதான். கியோகுரோ போன்ற உயர்ந்த இலையின் தண்டாக இருந்தால் கரிகானே என்ற பெயரில் வரும், கியூஷு தீவில் ஷிராஒரே என்பார்கள். கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

கொனாச்சாவை நீங்கள் ஏற்கனவே குடித்திருக்கலாம். ஜப்பானில் சுஷிக் கடையில் பெரிய கோப்பையில் தருவார்களே, அடர்பச்சையாகச் சுடச்சுட, அது பெரும்பாலும் இதுதான். வடிகட்டியில் ஒரு ஸ்பூன் போட்டு மேலே வெந்நீரை ஊற்றினால் ஆயிற்று.

ஆகவே உங்களிடம் 600 ரூபாய்தான் இருக்கிறது என்றால் அதற்குள் அடங்குகிற மட்டமான சென்ச்சாவைத் தேடாதீர்கள், அதே 600 ரூபாய்க்குக் கிடைக்கிற நல்ல குகிச்சாவையோ, இலையை வறுத்துச் செய்யும் ஹோஜிச்சாவையோ தேடுங்கள். பெரிய பெயரின் கடைசித் தரத்தைவிட எளிய வகையின் முதல் தரம் எவ்வளவோ மேல், இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். போன புதிதில் ஒரு கடையில் பளபளவென்று தங்கநிற டப்பாவில் மலிவாக கியோகுரோ என்று எழுதியிருந்ததைப் பார்த்து மூன்று டப்பா வாங்கி, மூன்றையும் மனசே இல்லாமல் குடித்துத் தீர்த்தேன்.

வாங்கும் வழியைப் பற்றி: சென்னை, பெங்களூரு, குருகிராம் போல ஜப்பானியர்கள் நிறைய வேலை பார்க்கும் ஊர்களில் அவர்களுக்கென்றே சிறு மளிகைக் கடைகள் இருக்கின்றன. டீ அலமாரியில் விலை அதிகம்தான், ஆனால் காலாவதி நெருங்கும்போது குறைத்துப் போடுவார்கள். இதைவிட நல்ல வழி உங்கள் மேலதிகாரிதான். அவரோ வேறு யாராவதோ அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பணத்தைக் கொடுத்து, 'குகிச்சா 100 கிராம் இரண்டு, ஹோஜிச்சா 100 கிராம் ஒன்று' என்று பெயர் சொல்லியே கேளுங்கள். 300 கிராம் பெட்டியில் எடையே தெரியாது. அங்கிருந்து தபாலில் 'அன்பளிப்பு' என்று எழுதி அனுப்பச் சொல்லலாமா என்று யோசிக்காதீர்கள், 5,000 ரூபாய் வரையிலான பரிசுப் பொருளுக்கு இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரோடு போய்விட்டது.

நான் வேலை நிமித்தமாக டோக்கியோ நிஷி கசாயில் இருக்கிறேன். சூப்பர் மார்க்கெட்டில் கிரீன் டீக்கு மட்டும் ஒரு முழு அலமாரி. எனக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. எதை எடுப்பது? டீக்கடைக்குத்தான் போகணுமா? (வாசகர், டோக்கியோ)

கொடுத்துவைத்தவர் நீங்கள், வரியும் இல்லை கப்பல் கூலியும் இல்லை. சூப்பர் மார்க்கெட்டே தினசரிக் குடிக்கப் போதும், ஆனால் மூன்று விஷயம் பார்த்து எடுங்கள். போனில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறது இல்லையா, பாக்கெட்டின் பின்பக்கம் அதைக் காட்டுங்கள்.

பொருட்கள் என்ற இடத்தில் 'பச்சைத் தேயிலை' என்ற ஒன்று மட்டும் இருந்தால் நல்லது. 'மாட்சா சேர்த்தது' என்று இருக்கலாம் (மாட்சா என்பது மாவாக அரைத்த பச்சைத் தேயிலை), அது ஏமாற்று இல்லை, நிறத்துக்கும் அடர்த்திக்கும் சேர்ப்பார்கள், ஆனால் சுமாரான இலையை அழகாகக் காட்டவும் அதே வழிதான். 'சுவையூட்டி, அமினோ அமிலம்' என்று இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். இனிப்பு இலையில் இல்லை, மேலே தூவியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்து தேதி. ஜப்பானில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவார்கள், இதைத் தலைகீழாகப் படித்துக் குழம்புகிறவர்கள் நிறைய. நான் எப்போதும் கையை அலமாரியின் பின்வரிசைக்கு நீட்டி, தூரத் தேதி உள்ளதைத்தான் எடுப்பேன். மூன்றாவது, 'இச்சிபன்ச்சா' என்ற சொல். முதல் பறிப்பு என்று பொருள். குளிர்காலம் முழுவதும் செடி சேர்த்து வைத்த சத்தெல்லாம் ஏப்ரல், மே மாதத்தில் வருகிற அந்த முதல் தளிரில்தான் இருக்கும். ஜூன், ஜூலையில் வருகிற இரண்டாம் பறிப்பு வெயில் குடித்தது, கசப்பு தூக்கலாக இருக்கும். பாக்கெட்டில் எந்தப் பறிப்பு என்றே போடவில்லை என்றால் பெரும்பாலும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

விலையை எப்போதும் 100 கிராமுக்குக் கணக்கிடுங்கள். அங்கே டீக்கடைகளும் அப்படித்தான் தரம் பிரிப்பார்கள், 500 யென், 800 யென், 1,000 யென், 1,500 யென் என்று படிப்படியாக. என் அனுபவத்தில் சென்ச்சா 1,000 யென் படியில் ஏறும்போது ருசியில் பெரிய தாவல் தெரியும், அதற்கு மேல் போகப் போக வித்தியாசம் நுணுக்கமாகிவிடும். ஹோஜிச்சா, முதிர்ந்த இலையில் செய்யும் பன்ச்சா, வறுத்த அரிசி கலந்த கென்மைச்சா எல்லாம் அதில் பாதிக்கும் குறைவிலேயே நல்ல தரத்தில் கிடைக்கும்.

ஊர்ப் பெயருக்கும் விலை உண்டு. உஜி, யாமே என்று எழுதியிருந்தால் பெயருக்கே ஒரு தொகை போய்விடும். இன்னொன்று, உஜிச்சா என்பது உஜி நகரத்து இலை மட்டுமே அல்ல. கியோட்டோ, நாரா, ஷிகா, மியே ஆகிய நான்கு மாகாணத்து இலையைக் கியோட்டோவில் பதப்படுத்தி அந்தப் பெயரில் விற்கலாம் என்பது அவர்கள் வியாபாரிகள் வைத்திருக்கிற வரையறை. அந்த மியே மாகாணம் உற்பத்தியில் நாட்டிலேயே மூன்றாவது இடம், ஆனால் அதன் இலை காலம் காலமாகப் பிற ஊர்ப் பெயரில் கலந்து விற்கப்பட்டதால் 'இசே சா' என்ற சொந்தப் பெயரில் வரும்போது விலை சல்லிசு. கண்ணில் பட்டால் வாங்குங்கள். அப்புறம் ககோஷிமா. 2024-இல் கச்சாத் தேயிலை உற்பத்தியில் ஷிசுவோகாவை முதல்முறையாக முந்தி முதலிடத்துக்கு வந்த மாகாணம் அது, சுமார் 27,000 டன். சமதரை, ஆள் ஏறி ஓட்டுகிற அறுவடை இயந்திரம், சூடான தட்பவெப்பம் என்பதால் வருடத்துக்கு நாலைந்து பறிப்பு. அதனால் அதே விலைக்கு அங்கத்து இலை தரத்தில் ஒரு படி மேலே இருக்கும். ஷிசுவோகாவின் மலைச்சரிவுத் தோட்டங்களில் பாடு அதிகம், வயதானவர்கள்தான் மிச்சம் இருக்கிறார்கள். நான் அந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டவன் என்பதால் இதை எழுத மனசு வலிக்கிறது, ஆனாலும் பைசாவுக்குப் பைசா பார்த்தால் ககோஷிமாதான். ஷிசுவோகாவில் வாங்குவதானால் மாகினோஹரா, காகெகாவா பக்கத்து ஃபுகாமுஷி சென்ச்சா. ஃபுகாமுஷி என்றால் அதிக நேரம் ஆவி காட்டியது. இலை உதிர்ந்து தூளாகத் தெரியும், பார்க்க மட்டம் போல இருக்கும், நம்பாதீர்கள். கோப்பையில் கெட்டியாகப் பச்சையாக இறங்கும், கசப்பு குறைவு.

டீக்கடைக்கும் கட்டாயம் ஒரு தடவை போங்கள். ரயில் நிலையத்தை ஒட்டிய பழைய கடைத்தெருவில், ஹோஜிச்சா வறுக்கிற வாசனை வருகிற கடையாகப் பாருங்கள். 'குகிச்சா, ஹியாகு குராமு' என்று சொன்னால் போதும், 100 கிராம் கேட்கிறீர்கள் என்று புரிந்துகொள்வார்கள். பல கடைகளில் உட்காரவைத்து ஒரு கோப்பை போட்டுக் கொடுப்பார்கள், வாங்கித்தான் ஆகணும் என்று யாரும் முறைக்கமாட்டார்கள். மே மாதத்தில் ஷின்ச்சா என்று புதுத் தேயிலைக்குக் கொடி கட்டியிருப்பார்கள், வசந்தம் பிறந்து எண்பத்தெட்டாம் நாள், அதாவது மே 1 அல்லது 2-ஐ ஒட்டிப் பறித்ததற்குத் தனி மவுசு. அந்தப் புது வாசனையை வருடத்தில் ஒரு 50 கிராமாவது வாங்கி அனுபவியுங்கள். தினசரிக்கு வேண்டியதைச் சில மாதம் பொறுத்து, மவுசு அடங்கிய பிறகு வாங்குங்கள்.

நல்ல ஜப்பான் டீ என்று மகன் வாங்கிக் கொடுத்தான். பாகற்காய் கஷாயம் மாதிரி இருக்கிறது, ஒரு மீன் வாடையும் வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா? (வாசகி, கோயம்புத்தூர்)

இல்லை அம்மா, கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றியிருப்பீர்கள். நம் டீயை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டுப் பழகிய கை அப்படித்தான் செய்யும். இந்த இலையில் கசப்பு கொதிநீரில்தான் முழுசாக இறங்கும், இனிப்பு ஆறிய நீரிலேயே இறங்கிவிடும். அதனால் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆற்றிவிட்டு ஊற்ற வேண்டும். ஜப்பானில் இதற்கென்றே யுசமாஷி என்று ஒரு பாத்திரம் விற்கிறார்கள். உங்கள் வீட்டில் டபரா டம்ளர் இருக்கும், அதுவே போதும். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் ஏறக்குறைய 10 டிகிரி குறையும் என்பது அவர்கள் கணக்கு. மூன்று தடவை ஆற்றினால் 70 டிகிரி. 5 கிராம் இலை, அதாவது குவித்த ஒரு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக, அதில் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு நிமிடம். கடைசிச் சொட்டு வரை வடித்துவிடுங்கள், மிச்சத் தண்ணீர் இலையில் நின்றால் இரண்டாவது கோப்பை கசக்கும். இரண்டாவது தடவைக்கு இன்னும் கொஞ்சம் சூடாக ஊற்றிப் பத்து விநாடியில் வடிக்கலாம். பால், சர்க்கரை இரண்டும் வேண்டாம், முதல் ஒரு வாரத்துக்காவது.

மீன் வாடை என்று நீங்கள் சொல்வது கடற்பாசி மணம். ஆவியில் வெந்த இலைக்கு அது உண்டு, ஜப்பானியர்கள் அதைத்தான் விரும்பிக் குடிக்கிறார்கள். எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. உங்களுக்குப் பிடிக்கவே இல்லை என்றால் கென்மைச்சா வாங்கச் சொல்லுங்கள். வறுத்த அரிசியும் பன்ச்சாவும் ஏறக்குறைய சரிபாதி கலந்தது. பொரி வறுக்கிற வாசனை வீடு முழுக்க வரும், நம் வீட்டுப் பெரியவர்களுக்கு முதல் கோப்பையிலேயே பிடித்துப்போவது இதுதான், கொதிநீரையே ஊற்றலாம், விலையும் குறைவு.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பான் தண்ணீர் மென்மையானது, அவர்கள் டீ அந்தத் தண்ணீருக்கு என்றே அமைந்தது. சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடு என்றால் உங்களுக்குக் கவலையே இல்லை. போர் தண்ணீரில் போட்டால் நிறம் மங்கி, ருசி செத்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் ஆர்.ஓ. தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் ஜப்பானியக் கடைகள் தடுக்கி விழுந்தால் இருக்கின்றன. இலையை வடிகட்டிக் கழுவ நேரமில்லை. டீ பேக் வாங்கினால் மட்டமா? (வாசகி, சிங்கப்பூர்)

மட்டமில்லை. தட்டையான காகிதப் பைக்குள் தூள் அடைத்தது ஒரு ரகம், முக்கோண வலைப் பைக்குள் இலை விரிய இடம் விட்டது இன்னொரு ரகம், இரண்டாவதைப் பாருங்கள். விலையைப் பை எண்ணிக்கையை வைத்துப் பார்க்காமல் கிராமை வைத்துப் பாருங்கள். ஒரு பையில் 2 கிராம் அளவுக்குத்தான் இருக்கும், 50 பை என்றால் 100 கிராம். அதே கடையில் 100 கிராம் இலை என்ன விலை என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே புரிந்துவிடும். 'இட்டோ என்' போன்ற பெரிய நிறுவனங்களின் மாட்சா கலந்த சென்ச்சாப் பைகள் தினசரிக்கு நாணயமான சரக்கு. உங்கள் ஊர் வெயிலுக்கு இன்னொரு வழி சொல்கிறேன்: ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் 10 கிராம் இலையோ ஐந்தாறு பையோ போட்டு ராத்திரி குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள், காலையில் வடித்துக்கொள்ளுங்கள். குளிர்நீரில் கசப்பு இறங்காது என்பதால் சுமாரான இலைகூட இனிக்கும். மலிவு டீயை மதிப்போடு குடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மாட்சா விலை ஏன் இப்படி ஏறுகிறது? கேக் செய்ய வேண்டும், மலிவாக எங்கே கிடைக்கும்? (வாசகி, திருச்சி)

கேக்குக்கு மாட்சா வாங்காதீர்கள். மாட்சா என்பது பறிப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே செடிக்கு நிழல் போட்டு, பறித்த இலையை உருட்டாமல் உலர்த்தி, நரம்பும் தண்டும் நீக்கிய தென்ச்சாவைக் கல் திரிகையில் அரைத்தது. ஒரு திரிகை ஒரு மணி நேரம் சுற்றினால் 40 கிராம்தான் விழும். இப்போது உலகம் முழுக்க ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். 2024 இலையுதிர் காலத்திலேயே கியோட்டோவின் பழைய பெரிய கடைகளான 'இப்போதோ', 'மருக்யூ கோயமாயென்' இரண்டும் ஆளுக்கு இவ்வளவுதான் என்று கட்டுப்பாடு போட்டார்கள், 2025 வசந்தத்தில் தென்ச்சாவின் ஏல விலை எகிறியது. சென்ச்சாத் தோட்டங்கள் சில தென்ச்சாவுக்கு மாறிவிட்டதால் இப்போது நம் தினசரி டீயின் விலையும் மெல்ல ஏறுகிறது, எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

உங்களுக்கு வேண்டியது சென்ச்சாவை அப்படியே பொடித்த தூள். ஃபுன்மாட்சு ரியோகுச்சா என்று பெயர், விலை பல மடங்கு குறைவு. அடுப்பில் வெந்து சர்க்கரையும் வெண்ணெயும் சேர்ந்த பிறகு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் இதையே மாட்சா என்ற பெயரில் மாட்சா விலைக்கு விற்பவர்களும் உண்டு, மஞ்சள் கலந்த மங்கிய பச்சையாக இருந்தால் ஜாக்கிரதை.

என் அம்மாவுக்கு 70 வயது, ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்குக் கொடுக்கலாமா? தூக்கம் கெடுமா? (வாசகர், மதுரை)

சாப்பாட்டோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் கொடுக்காதீர்கள், டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளி, அதுவும் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால் மாட்சாவைக் கட்டாயம் கேட்டுவிட்டே கொடுங்கள், அதில் இலையையே விழுங்குகிறோம், வைட்டமின் கே அதிகம். தூக்கத்துக்கு: ஜப்பான் அரசின் உணவுச்சத்து அட்டவணைப்படி 100 மில்லி காபியில் காஃபீன் 60 மில்லிகிராம், சென்ச்சாவிலும் ஹோஜிச்சாவிலும் 20, பன்ச்சாவிலும் கென்மைச்சாவிலும் 10. கியோகுரோவில் மட்டும் 160, மாலைக்கு மேல் அது யாருக்குமே வேண்டாம். அம்மாவுக்குப் பகலில் பன்ச்சா லேசாகப் போட்டுக் கொடுங்கள், விலையிலும் அதுதான் எல்லாவற்றையும்விடக் குறைவு.

ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு ஜப்பான் டீ பாதுகாப்பானதா? மலிவாகக் கிடைப்பது அந்தப் பக்கத்துச் சரக்கோ என்று பயமாக இருக்கிறது. (வாசகர், ஈரோடு)

பயம் நியாயமானது, ஏனென்றால் 2011-இல் ஷிசுவோகா வரைக்கும் சில தோட்டத்து இலையில் அளவுக்கு மீறிய கதிரியக்கச் சீசியம் இருந்தது உண்மை. விபத்து நடந்த மார்ச்சில் செடியில் இருந்த பழைய இலைகள் அதை உறிஞ்சித் தளிருக்குக் கொடுத்துவிட்டன. பிறகு செடிகளை ஆழமாகக் கவாத்து செய்தார்கள், 2012 ஏப்ரலிலிருந்து வடித்த டீக்குக் குடிநீருக்கான அதே வரம்பு, கிலோவுக்கு 10 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று கடுமையாக்கினார்கள். இன்று கடையில் வருகிற டீயைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை, என் வீட்டுக் குழந்தைகளும் குடிக்கிறார்கள். மனசு கேட்கவில்லை என்றால் ககோஷிமா இலை வாங்குங்கள், ஃபுகுஷிமாவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். மலிவுக்குக் காரணம் என்ன என்பதை மேலே பெருங்குடி வாசகருக்கும் டோக்கியோ வாசகருக்கும் எழுதியிருக்கிறேன், தண்டு, தூள், பறிப்பு, சமதரை, அவ்வளவுதான்.

தள்ளுபடியில் ஒரு கிலோ ஜப்பான் சென்ச்சா வாங்கினோம். மூன்று மாதத்தில் பழுப்பாகி வைக்கோல் வாசனை வருகிறது. குப்பையில் கொட்டிவிடவா? (வாசகி, நாகர்கோவில்)

கொட்டாதீர்கள். ஆனால் இனிமேல் ஒரு கிலோவாக வாங்காதீர்கள், 100 கிராமுக்கு மேல் ஒரு பாக்கெட் திறந்து வைக்கவே கூடாது. இந்த டீ கருப்புத் தேயிலை மாதிரி இல்லை, காற்று, வெளிச்சம், ஈரம், சூடு நான்கும் ஆகாது, உங்கள் ஊர்க் கடற்காற்றில் திறந்த பாக்கெட் மூன்று வாரம் தாங்கினால் அதிகம். திறக்காத பாக்கெட்டைக் குளிர்பெட்டியில் வைக்கலாம், ஆனால் வெளியே எடுத்தவுடன் பிரிக்காதீர்கள், அரை நாள் மேசைமேல் கிடந்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பிரியுங்கள். இல்லையென்றால் இலைமேல் பனி பூத்து ஒரே நாளில் கெடும். திறந்ததை ஏலக்காய், பெருங்காயம் இருக்கிற அலமாரிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், எல்லா வாசனையையும் இழுத்துக்கொள்ளும்.

இருக்கிற மிச்சத்தை ஹோஜிச்சா ஆக்கிவிடலாம், ஜப்பான் வீடுகளிலும் பழைய இலையை இப்படித்தான் செய்வார்கள். எண்ணெய்ப் பிசுக்கே இல்லாத அடிகனமான வாணலியைச் சூடாக்கி, தீயைக் குறைத்து, ஒரு கைப்பிடி இலையைப் போட்டு ரவை வறுக்கிற மாதிரி கைவிடாமல் கிளறுங்கள். முதலில் பச்சை வாடை போகும், அப்புறம் லேசாகப் புகை கிளம்பும், இலை காபிக்கொட்டை நிறத்துக்கு வருவதற்குச் சற்று முன்னால் இறக்கித் தட்டில் கொட்டி ஆறவிடுங்கள், வாணலியிலேயே விட்டால் கருகிவிடும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வறுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி அரை நிமிடம், அவ்வளவுதான். கசப்பு இருக்காது, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகும் குடிக்கலாம், வறுக்கிற அன்று பக்கத்து வீட்டுக்காரர் என்ன வாசனை என்று கேட்டு வந்தால் அவருக்கும் ஒரு டம்ளர் கொடுங்கள்.